பாக்கு டப்பாவில் மாத்திரை

இன்று மதியம் தில்லை நகர் கடையில் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார். விரலில் வாசனைப் பாக்கு மணம். அப்பா, நீங்கள் செத்தும் இப்படித்தான் வருகிறீர்கள். அழைக்காமல்.

உங்களை எனக்குப் பிடித்ததில்லை. மெடிக்கல் சீட் கிடைக்காமல் நான் பி.ஃபார்ம் சேர்ந்த நாளிலிருந்து உங்களுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், மருந்துக் கடையில் நிற்கிறாள் என்பீர்கள். நிற்கிறாள். அவ்வளவுதான் என் படிப்பு.

பிறகு உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை எழுதினார் டாக்டர். பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் நான்தான் கொண்டுவந்தேன். முதல் மாத்திரைக்கே, சுருக்கென்று எரிகிறது என்று முகம் சுளித்தீர்கள். மறுநாள் புட்டி காலியாக ஜன்னலில் கிடந்தது. மாத்திரைகள் பிளாஸ்டிக் பாக்கு டப்பாவில். புட்டி சட்டைப்பையில் துருத்துகிறதாம். காலையில் அம்மா மண்டபம் படித்துறை வரை உங்களோடு நடப்பவர்கள் பார்த்தால் நோயாளி என்பார்களாம்.

சொன்னேன். அந்த மருந்து ஆவியாகிப் போகும், பிளாஸ்டிக் அதை உறிஞ்சும், கடைசியில் வெறும் மாவுதான் மிஞ்சும் என்று. மூன்று முறை, மூன்று நாளில். மூன்றாவது முறை அம்மாவும் இருந்தாள்.

"டாக்டர் எழுதறாரு, நீ எடுத்துக் குடுக்கற. அதோட உன் வேலை முடிஞ்சுது, கடைக்காரம்மா."

நீங்கள் சொன்னதற்கு அம்மா சிரித்தாள்.

அதன் பிறகு தினமும் டப்பாவைப் பார்த்தேன். டிவிக்குப் பக்கத்தில். நான்காவது முறை சொல்லவில்லை. புதுப் புட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பட்டால் தெரியும் என்று நினைத்தேன். இதே சொற்களில்.

இரண்டு மாதம் கழித்துப் பட்டது. மறுபடி நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், காவிரிப் பாலத்தில், நெரிசல். ஒன்று வைத்தீர்கள். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"எரியலையே. ஏம்மா எரியல?"

என் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்ட ஒரே கேள்வி. பதில் எனக்குத் தெரியும். பேசாமல் வாங்கப்பா என்றேன்.

அந்த மாரடைப்பை மாத்திரை நிறுத்தியிருக்காது என்றார் டாக்டர். வலி குறைந்திருக்குமா என்று கேட்டேன். கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்றார். பாலம் முழுக்க நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள். நகத் தடம் ஒரு வாரம் இருந்தது.

இன்று வந்தவருக்கும் அதே மாத்திரைதான். மூடி திறக்கக் கஷ்டமாக இருக்கிறது, ஒரு கவரில் கொட்டித் தரச் சொன்னார். முடியாது என்றேன். காரணம் சொன்னேன். போன மாசமும் இதத்தானே சொன்னீங்க என்று அலுத்துக்கொண்டார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். டப்பா என் கைப்பையில்தான் இருக்கிறது. காரியம் முடிந்த அன்று அதிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரையும்வரை.

எரியவில்லை, அப்பா. பாக்குதான் மணந்தது.