வடைச்சட்டிச் சூட்டில் ஒரு வில்லை

நகோயா

அன்புள்ள அப்பாவுக்கு, வள்ளிமயில் எழுதுவது. நான் சுகம். நீங்களும் ஆடுகளும் சுகமா? இடைசெவலில் மழை உண்டா?

அப்பா, என் வில்லை இறுகிவிட்டது! அதிர்ந்தால் மின்சாரம் தரும் பீங்கான் வில்லை, ஈயம் துளியும் கலக்காதது. இதையெல்லாம் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடுவார்கள். நான் பொடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, இயந்திரத்தில் அழுத்தி, வடை சுடும் எண்ணெய்ச் சூட்டிலேயே இறுக்கிவிட்டேன். இதற்கு முன் செய்ததெல்லாம் கோடைக் கரிசல் மாதிரி வெடித்துப்போனது.

சோதித்துப் பார்க்க, உங்கள் குரல் பதிவை ஓடவிட்டு போனை வில்லைமேல் வைத்தேன். “ஏட்டி, சாப்பிட்டியா?” வில்லையோடு கம்பியில் இணைத்த திரையில் கோடு துள்ளியது! ஆய்வகமே கைதட்டியது. ஆனால் பெரிய மேடு நீங்கள் இல்லை, பின்னால் கத்திய ஆடு.

இனிமேல் நீளமாகப் பேசி அனுப்புங்கள். திட்டினாலும் சரி, சோதனைக்கு வேண்டும்.

கோட்டின் கடைசியில் சின்னச் சின்ன மேடுகள் தெரிந்தன. மறுபடி கேட்டேன். போனைத் தள்ளிப் பிடித்து இருமியிருக்கிறீர்கள். போனில் கேட்டால் “ஒண்ணுமில்லட்டி” என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் அந்தக் கோட்டை அச்செடுத்து இதோடு அனுப்புகிறேன். கோவில்பட்டிக்குப் போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

தபாலாபீஸ் மூடப்போகிறார்கள், ஓடுகிறேன்.

வள்ளி