கீழக்கரைச் சம்பந்தம்

வியாழன் இரவு, 1959.

மகன் காதருக்குச் சம்பந்தம் பேச அவனோடு கீழக்கரைக்குப் போய்விட்டு இன்றுதான் திண்டுக்கல் திரும்பினேன். கடலும் படகுகளுமாக அமைதியான ஊர். மரியாதையான மனிதர்கள்.

பேச்சு முடியும்போது பெண்ணின் தகப்பனார், "எங்க ஊரு வழக்கம், மாப்பிள்ளை பொண்ணு வீட்டோடதான் இருப்பார்" என்றார். நான் மறுப்பதற்குள் காதர் முந்திக்கொண்டான்.

"எனக்குச் சம்மதம் மாமா."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருப்பது ஒரே மகன். தோல் பதனிடும் ஷாப்பை இனி யார் பார்ப்பது?

பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "அங்கனதான் தோல் நாத்தம் இல்லாம மூச்சு விட்டேன், அத்தா."

அதற்கு மேல் கோபிக்க முடியவில்லை.

மருமகளுக்கென்று என் மனைவி மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறாள். நான் செருப்பைக் கழற்றுமுன்பே, "மருமக எப்ப வாரா?" என்று கேட்டாள்.

"காலையில சொல்றேன்" என்றேன்.