பெல் அடிக்காமல் போன நாள்

செவ்வாய்க்கிழமை.

எங்கள் ஒருவழி ஒழுங்கையில் இனிச் சைக்கிள்கள் இரு திசையிலும் போகலாம் என்று நேற்றுப் பலகை நட்டார்கள். இத்தனை வருடமும் எதிர்த்திசையில் களவாகத்தான் போனேன். யாரையாவது இடித்தால் பிழை என்னுடையதாகிவிடும் என்ற பயத்தில் ஒவ்வொரு படலையடியிலும் பெல் அடிப்பேன். இன்று அடிக்கவில்லை. பலகைதான் இருக்கிறதே!

கண் மங்கிய திரேசா அக்கா படலையைத் திறந்து வெளியே வந்தார். என் முன்சில்லு பட்டு விழுந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கினேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"ஆரது?"

"நான்தான் அக்கா, அன்ரன்."

"நீ எண்டால் பெல் கேட்டிருக்குமே. எனக்குக் கண் தெரியாதெண்டுதானே ஒவ்வொரு நாளும் அடிக்கிறனீ?"



"ஓம் அக்கா" என்றேன்.