பவுலின் ஊதின தலையணை

அத்தைக்கு விக்டர் எழுதுறது. மாதா புண்ணியத்துல நான் நல்லா இருக்கேன். உப்பளத்துல நின்னு நின்னு மாமாவுக்கு வந்த கால் வெடிப்பு ஆறிடுச்சா?

லடாக்ல இந்த லே ஊரு ஹோட்டல்ல ஹீட்டர் வேலை பழகிடுச்சு. இங்க பதினோராயிரம் அடி உயரம், காத்தழுத்தம் கம்மி. சிப்ஸ் பாக்கெட்கூட பந்து மாதிரி உப்பிக்குது. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறப்ப பஸ்ஸுல உங்க மக பவுலின் ஊதி வச்சுக்கிட்ட காத்துத் தலையணையை நான் இங்க எடுத்துட்டு வந்தேன்ல, அதுவும் அப்படியே உப்பிடுச்சு.

கிச்சன்ல வேலை செய்ற நம்ம ஊர் ஷஃபி பாத்துட்டு, "டேய், கொஞ்சம் காத்த எறக்கி விடுடா, வெடிச்சிடப் போவுது"ன்னான்.

"அது பவுலின் ஊதின காத்துடா"ன்னேன்.

உடனே அவன் லீவுக்குக் கட்டி வச்சிருந்த பையில இருந்து துணியெல்லாம் வெளிய எடுத்துப் போட்டு எடம் பண்ணான்.

அவன்கிட்டயே தலையணையையும் இந்த லெட்டரையும் குடுத்து விடுறேன். வெயில் படாம பீரோவுல வைங்க. அவன் திரும்பி வர்றப்ப மொளகாத்தூள் கொஞ்சம் குடுத்தனுப்புங்க, இங்க சாப்பாட்டுல ஒறைப்பே இல்ல.

வண்டி வந்துடுச்சு. நம்ம ஊருக்கு வந்ததும் தலையணை பழையபடி தொளதொளன்னு ஆயிடும். காத்து போயிடுச்சுன்னு நெனச்சு யாரும் ஊதிடாதீங்க அத்தை.

விக்டர்