படுக்கைக்கடியில் ஐந்து வாளி

மார்ச் 9, குவார்ட்சைட், அரிசோனா

காலையிலிருந்து புழுதிக் காற்று. பக்கத்து டிரெய்லர்க்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். குளிருக்குப் பயந்து இங்கே ஓடி வந்த கூட்டமெல்லாம் ஊர் திரும்புகிறது. நாங்களும் இந்த மாதக் கடைசியில் வடக்கு டகோட்டாவுக்குப் புறப்பட வேண்டும்.

கேலன் கடைக்குப் போய் ஒரு பைன் பலகை வாங்கி வந்து, சிவப்புப் பெயின்டில் ‘விற்பனைக்கு’ என்று எழுதினார். எதை விற்கப் போகிறீர்கள் என்றேன். நாங்கள் குடியிருக்கிற டிரெய்லரை என்றார், பழைய சட்டையைத் தூக்கிப் போடப் போகிறவர் மாதிரி.

அக்டோபரில் வரும்போது யூட்டா மலையில் வண்டியின் கியர்பாக்ஸ் கொதித்து நின்றுபோனதை மனுஷர் இன்னும் மறக்கவில்லை. செர்ரிப் பழச்சாறு மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய், கருகிப்போன காபி நிறத்தில் ஒழுகியது.

“போற வழியில சூடு காட்டுற முள்ளு ஒரு தடவை சிவப்புக்குப் போச்சுன்னா, வீட்ல இறங்கினதும் இந்தப் பலகையை மாட்டிடுவேன், லவான். இன்னொரு தடவை நடுரோட்டுல நிக்க என்னால ஆகாது.”

இவருடைய தம்பி டெல்மர் பக்கத்தில்தான் இருந்தான். கல்யாணம் காட்சி இல்லாத தனிக்கட்டை. அவனும் ஒரு டிரெய்லரோடு எங்கள் கூடவே வந்தவன். “வெளியாளுக்கு எதுக்கு அண்ணே? நானே எடுத்துக்கறேன். தரையில ஒரு ஓட்டை போட்டு, ஜனவரியில நம்ம ஊர் ஏரி ஐஸ் மேல நிறுத்தினா, உள்ளேயே உக்காந்து மீன் பிடிக்கலாம். அண்ணி படுக்கிற இடம் ஓட்டைக்குத் தோதா இருக்கும்.”

என் படுக்கைக்குக் கீழே மீன். வருஷத்தில் ஐந்து மாதம் பனி அள்ளாமல் நான் மனுஷியாக இருப்பது இந்த டிரெய்லரால்தான்.

மார்ச் 10

படுக்கைக்கடியில் ஏற்கெனவே ஐந்து வாளி கல் இருக்கிறது. கேலனுக்குத் தெரியாது.

மார்ச் 11

நேற்று எழுதியதைப் படித்தால் நான் ஏதோ கொலைகாரி மாதிரி தெரிகிறது. அப்படியொன்றுமில்லை. இந்த வருஷம் ஒரு கல்கூடப் பொறுக்கமாட்டேன் என்று சொன்னது உண்மைதான். ஆனால் நான் போகிற வழியில் கல் கிடந்தால்? அதுவும் கல்லாகிப்போன மரத்துண்டு, உள்ளே வளையம் வளையமாக? அதை விட்டுவிட்டு வர நான் என்ன கல்நெஞ்சக்காரியா?

ஒவ்வொரு வாளியையும் தூக்கினால் இடுப்பைப் பிடிக்கிறது. டிரெய்லரை இழுக்கிற எங்கள் பிக்அப் கிழவண்டி. திரும்புகிற வழி மலையில் இதையும் சேர்த்து இழுத்தால் கியர்பாக்ஸ் என்ன பாடுபடும்?

கல்லைக் கொட்டிவிடலாம். கொட்டமாட்டேன். அப்படியானால் கியர்பாக்ஸைக் குளிர்ச்சியாக வைத்தே ஆகவேண்டும்.

மார்ச் 15

இரண்டு நாளாக இவரை நச்சரிக்கிறேன். எண்ணெய் மாற்றியாயிற்று. ரேடியேட்டருக்கு முன்னால் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு சின்ன குளிர்விப்பான் மாட்டவும் சம்மதிக்க வைத்தேன். கியர்த் தண்டின் நுனியில் இருக்கிற இழுவைப் பொத்தானை இவர் இதுவரை தொட்டதே இல்லை. தொட்டால் வண்டி உறுமுகிறதாம்.

“உறுமட்டும்ங்க. அமுக்கலைன்னா மேட்டுல மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறி அல்லாடும். அந்த அல்லாட்டத்துலதான் எண்ணெய் காயுது.”

“உனக்கு எப்போலேர்ந்து என் வண்டி மேல இவ்ளோ பாசம்?”

“யூட்டாவுல நின்னப்போலேர்ந்து.”

அவர் குனிந்து டிரெய்லர் கொக்கியையே கொஞ்ச நேரம் பார்த்தார். “ம்” என்றார். வாய் திறக்காத நார்வேக்காரன் பேரனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

மார்ச் 20

டெல்மர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்து என் உருளைக்கிழங்கு ரொட்டியில் பாதியைக் காலி செய்துவிட்டு, தன் டீசல் வண்டியின் பெருமையை அளந்தான்.

“பொத்தானும் கித்தானும் உங்க கிழவண்டிக்குத்தான் அண்ணி. நான் டாப் கியர்ல, ஏசி போட்டுக்கிட்டு, ஒரு கைல காபியோட ஏறுவேன்.”

“சூடாச்சுன்னா?” என்று கேலன் கேட்டார்.

“சூடாச்சுன்னா அண்ணி பொறுக்கின கல்லையெல்லாம் ஊர் வரைக்கும் நானே சுமக்கறேன்.”

“இந்த வருஷம்தான் அவ பொறுக்கவே இல்லையே.” காபியைப் பார்த்தபடியே சொன்னார். நான் ரொட்டித் தட்டை டெல்மர் பக்கம் தள்ளினேன்.

மார்ச் 26

எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் சிரிப்பு வருகிறது.

கேலன் போகிற வழியில் லாரி எடைமேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்கிறார். எடை போட்டால் என் குட்டு உடையும். டெல்மருடைய டிரெய்லரின் பக்கவாட்டுப் பெட்டி பூட்டப்படுவதே இல்லை. உள்ளே இரண்டு தூண்டில்தான். அவன் மெட்டல் டிடெக்டரோடு பழைய ஆணி தேடப் போயிருந்தபோது இரண்டு வாளியைக் கொண்டுபோய் உள்ளே தள்ளி, அவனுடைய தார்ப்பாயாலேயே மூடிவிட்டேன். மீதி மூன்றைத் தூக்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

அவனே வாய்விட்டுச் சொன்னதுதானே, சுமக்கிறேன் என்று. நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன்.

மார்ச் 28, பிளாக் கேன்யன் சிட்டி

எடைமேடையில் சீட்டு வரும்வரை எனக்கு உயிரே இல்லை. கேலன் படித்துவிட்டு, “பரவால்லையே, நான் நெனச்ச எடைதான்,” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாளி இருக்கும்போதா? மனுஷருக்குக் கணக்கு மறந்துபோச்சு போல. பேசாமல் இருந்துவிட்டேன்.

நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் இந்த ஊருக்கு வடக்கே இருக்கிற மலையை ஏற வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்தாயிற்று. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 29

ஏறிவிட்டோம். எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும்.

சூடாவதைத் தவிர்க்க ஏசியை அணையுங்கள் என்று சாலையோரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அணைத்தோம். அதோடு ஹீட்டரையும் முழுசாகப் போடச் சொன்னேன், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் எங்கள் பக்கம் இழுக்கட்டும் என்று. அரிசோனாவில் ஹீட்டர். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அவிந்தோம். இழுவைப் பொத்தானை அமுக்கி, மூன்றாவது கியரில், லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தோம்.

டெல்மர் ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். ஜன்னலெல்லாம் ஏற்றியிருந்தது. காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான், பாவி.

பாதி மலையில் எங்கள் முள் ஏற ஆரம்பித்தது. சிவப்புக்கு இன்னும் ஒரு மயிரிழை. எனக்கு விற்பனைப் பலகையும் ஐஸும் ஓட்டையும்தான் கண் முன்னால் வந்தன. கல்லாவது மண்ணாவது, எல்லாவற்றையும் இங்கேயே கொட்டிவிடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கேலன் இன்னொரு கியர் இறக்கி, வேகத்தையும் குறைத்தார். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. முள் அங்கேயே நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. நான் அழுதேன். வியர்வை என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வளைவில், வண்டிகள் ஒதுங்குகிற இடத்தில் டெல்மர். வண்டிக்கடியிலிருந்து புகை.

“அண்ணே, முள்ளு சிவப்புல நிக்குது.” எஞ்சினை அணைக்கப் போனவன் கையை கேலன் பிடித்தார். “நிறுத்தாதே. நியூட்ரல்ல போட்டு ஓட விடு. எண்ணெய் சுத்தி வந்தாத்தான் ஆறும்.”

“என்கிட்ட பாரமே இல்லையே அண்ணே. ரெண்டு தூண்டில். பாரு வேணும்னா.” பெட்டியைத் திறந்து தார்ப்பாயை இழுத்தான்.

நான் வைத்தது இரண்டு வாளி. உள்ளே ஐந்து இருந்தது.

கேலனைப் பார்த்தேன். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யார் பார்த்த வேலை?” என்றான் டெல்மர்.

“நீதானே சுமக்கறேன்னே,” என்றார் கேலன். “சும்மா கல்லு மேல பழி போடாதே. உன்னைக் காய வெச்சது டாப் கியரும் ஏசியும்.”

மறுபடி வண்டியில் ஏறியதும் கேட்டேன். “மீதி மூணு உங்க வேலையா? எப்போ தெரியும்?”

“டிரெய்லர் மூக்கு ஜனவரிலேர்ந்தே தாழ்ந்து கெடக்கு. எனக்கென்ன கண்ணா தெரியாது?”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“கேட்டிருந்தா கல்லைக் கொட்டியிருப்பே. பொத்தானை அமுக்கச் சொல்லியிருக்க மாட்டே.” கொஞ்ச தூரம் போய், “ஹீட்டரை அணைக்கலாமா?” என்றார்.

இந்த மனுஷரோடு நாற்பது வருஷமாக வாழ்கிறேன். இன்னும் ஆழம் தெரியவில்லை.

ஏப்ரல் 7, வீடு

டெல்மர் வந்து ஐந்து வாளியையும் முனகிக்கொண்டே இறக்கி வைத்தான். நடைபாதையில் இன்னும் பனி. கேலன் கொட்டகையில் இரண்டு நாளாக ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். இன்று பார்த்தால் என் கல்லுக்கு ஒரு அலமாரி. மேல்தட்டு நல்ல பைன் பலகை.

டெல்மர் குனிந்து அடிப்பக்கத்தில் இருந்த சிவப்பு எழுத்தைப் படித்துவிட்டு, டிரெய்லர் எப்போது கைக்கு வரும் என்று கேட்டான்.

கேலன் கல்லை அடுக்குவதை நிறுத்தவில்லை. “ஜனவரியில நாங்களும் டிரெய்லரும் ஊர்ல இருக்கமாட்டோம், தம்பி,” என்றார். “நீயும் கூட வரும்போது பெட்டியைக் காலியா வெச்சுக்க.”