சிரிப்புப் படமா, சண்டைப் படமா அக்கா?

அக்கா,

சாயங்கால மழையில் போன கரண்ட் இப்போதுதான் வந்தது. டீவி தானாக ஓட ஆரம்பித்து, படங்களை வரிசையாகக் காட்டுகிறது. 'உங்களுக்கான பரிந்துரைகள்' என்று மேலே எழுதியிருக்கிறது. துப்பாக்கி பிடித்தவர்கள், வாயைப் பிளந்து சிரிப்பவர்கள், தீப்பிடித்த லாரிகள். லாட்ஜில் அறை அறையாக விரிப்பு மாற்றிவிட்டு வந்து, ரிமோட்டை அழுத்தித் தள்ளிக்கொண்டே போகிறேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்தபடி, ஏதாவது ஒன்றைப் போடேன் என்கிறார். எதைப் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை படத்தைக் கொண்டுவந்து கொட்டுகிற இந்தப் பெட்டிக்கு, நான் இன்று எந்த நிலையில் வீடு வந்து சேர்ந்தேன் என்பது தெரியாது. நீங்களாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் வீட்டுக்கு மேல்புறத்து வீட்டில் தனியாகக் குடியிருந்தீர்கள். மகள் சேலத்தில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில் நிற்கும்போது உங்களிடம் மாத்திரை பற்றிக் கேட்பவர்களும் உண்டு, வீட்டில் என்ன படம் பார்க்கலாம் என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் உங்கள் முதல் கேள்வி ஒன்றுதான்: உடம்புக்கு எப்படி இருக்கிறது? அலுத்துப் போனவர்களுக்குச் சிரிப்புப் படம் சொல்வீர்கள். யார் மேலோ கோபத்தை வைத்துக்கொண்டு மெல்லுகிறவர்களுக்குச் சண்டைப் படம். அழ வைக்கிற படத்தை யாருக்கும் சொன்னதில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“அழுவாச்சிப் படம் பாக்கறதுக்கு ஒடம்புல தெம்பு வேணும் கண்ணு. நம்மகிட்ட அது எங்க இருக்குது?”

என் வீட்டுக்காரர் ஓட்டிய ஜீப் கவிழ்ந்த வருஷம் எங்கள் வீட்டில் தெம்பு என்று எதுவுமே இருக்கவில்லை. கொட்டச்சேட்டிலிருந்து காப்பி மூட்டை ஏற்றி வரும்போது மலைப்பாதை வளைவில் வண்டி சாய்ந்து பள்ளத்தில் இறங்கிவிட்டது. வண்டியில் வேறு யாரும் இல்லை. அவருக்கு இடுப்பும் தொடையும் முறிந்தன. சேலத்தில் ஆபரேஷன் செய்து கூட்டி வந்தோம். உடம்பைவிட அவர் வாய்தான் மோசமாக அடிபட்டது போல ஆனது. வேகமாக ஓட்டினான் என்று வண்டி முதலாளி சொன்னார். குடித்திருப்பான் என்று ஜீப் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள். எல்லாம் அவர் காதுக்கு வந்தது. எதற்கும் பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சோறு வேண்டுமா என்றால் தலையசைப்பார். அவ்வளவுதான். நான் காலையில் அவரைத் துடைத்துவிட்டு லாட்ஜுக்குப் போவேன், மதியம் ஓடி வருவேன், மறுபடியும் போவேன்.

அப்போதுதான் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் வர ஆரம்பித்தீர்கள். உங்கள் போனை எங்கள் டீவியோடு இணைத்து, கட்டில் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன், வண்டி துரத்துகிற படம் மட்டும் வேண்டாம் என்று. சரி என்றீர்கள். வாரா வாரம் சிரிப்புப் படம் வந்தது. ஒரே மண்டபத்தில் இரண்டு மாப்பிள்ளைகள், செத்தவன் போல நடித்துக் கடன்காரனை ஏமாற்றுகிறவன், திருடப் போன வீட்டிலேயே சமையலுக்கு மாட்டிக்கொண்டவன். நீங்களும் நானும் சிரிப்போம். நான் பாதியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். அவர் சுவரைப் பார்த்தே இருப்பார். நீங்கள் படம் முடிந்ததும், “வர்றேன் தம்பி” என்று அவர் முதுகிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவீர்கள்.

மிளகு பறிக்கிற நாட்களில் ஒரு ஞாயிறு சண்டைப் படம் போட்டீர்கள். நானும் கவனிக்கவில்லை. பாதிப் படத்தில் ஒரு மலைப்பாதை வந்தது. கதாநாயகன் ஜீப்பை எடுத்துக்கொண்டு வளைவு வளைவாக இறங்குகிறான், பின்னால் நாலு வண்டி துரத்துகிறது. எழுந்து உங்கள் முன்னால் வந்து நின்றேன். உங்களிடம் அப்படி நான் பேசியதே இல்லை.

“நிறுத்துங்கக்கா. நான் என்ன சொல்லியிருந்தேன் உங்ககிட்ட?”

நீங்கள் போனை எடுத்தீர்கள். உங்கள் கை நடுங்கியது. அப்போது கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. எப்போது இந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை.

“இந்த வேகத்துல திருப்புனா கவுந்துரும். செகண்ட் கியர்ல வரோணும்.”

நீங்கள் படத்தை நிறுத்தாமல் போனைக் கீழே வைத்தீர்கள். திரையில் வண்டி பறந்துகொண்டிருந்தது. அவரே மேலும் சொன்னார்.

“நானும் செகண்ட்லதானுங்கக்கா வந்தேன். பிரேக் புடிக்கல.”

“தெரியுந் தம்பி” என்றீர்கள்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் அத்தனை நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் போலிருக்கிறது. தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படத்தைப் போடச் சொன்னார். வாசல்வரை உங்களை வழியனுப்ப வந்தபோது, தெரியாமல் போட்டுவிட்டீர்களா என்று கேட்டேன். தெரிந்துதான் போட்டதாகச் சொன்னீர்கள். இத்தனை வருஷம் ஊசி போட்டதில் ஒருநாளும் கை நடுங்கியதில்லை, இன்றைக்குத்தான் நடுங்கிவிட்டது என்றீர்கள்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். அவர் நடப்பதற்கு அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. இப்போதும் காலை இழுத்துத்தான் நடக்கிறார். ஜீப் ஓட்டுவதில்லை, ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து செய்கிற வேலை. எனக்கு அதே லாட்ஜ், அதே மாடிப்படி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்று இருந்தது. சண்டைப் படத்தில் ஓட்டுகிறவனின் தப்பையெல்லாம் அவர் எடுத்துச் சொல்வார். எல்லாம் தெரிந்தவர் மாதிரி பேசாதீர்கள் என்று நான் அதட்டுவேன். நீங்கள் திரையை அதிகம் பார்க்க மாட்டீர்கள். ஏற்கெனவே பார்த்த படம் என்பதால் அப்படி என்று நினைத்திருந்தேன்.

பிறகு உங்களுக்கு வயிற்றில் நோவு கண்டது. சேலத்தில் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். கொட்டச்சேட்டில் உங்கள் தம்பி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். நாங்கள் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்தோம். நாங்கள் உங்களுக்குப் படம் தேர்ந்தெடுத்தது அந்த ஒரு முறைதான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் எனக்கு அதே யோசனை. சிரித்தால் வயிறு வலிக்கிறது என்று உங்கள் மகள் போனில் சொல்லியிருந்தாள். ஆகவே சண்டைப் படம்தான் என்று முடிவு செய்தேன்.

கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்து படத்தைப் போட்டேன். ஒரு காட்சிகூட என் மனதில் பதியவில்லை. உங்கள் கண் திறந்திருக்கிறதா, புருவம் சுருங்குகிறதா, வலி இப்போது கூடுகிறதா என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புரிந்தது அக்கா. எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் பார்த்தது படத்தை இல்லை.

பாதியில் உங்களுக்குத் தூக்கம் வந்துவிட்டது. டீவியை அணைத்தேன். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் கண் விழித்து என்னிடம் கேட்டீர்கள்.

“முடிஞ்சுருச்சா சாமி?”

என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

“முடிஞ்சுதுங்கக்கா. எல்லாரும் பொழச்சுக்கிட்டாங்க.”

“வில்லன்?”

“அவனுந்தானுங்க.”

நீங்கள் சிரித்தீர்கள். இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். வலித்திருக்கும். ஆனாலும் நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு, நீங்கள் கண் மூடும்வரை, உங்களைப் பேச்சோடு பார்க்க எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

எத்தனை அலுப்பு இருந்தாலும் இப்போது வீட்டில் படம் ஓடும்போது நான் தூங்குவதில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அது. அன்று பாதியில் நின்ற படத்தின் பெயர் இந்த வரிசையில் அடிக்கடி வருகிறது. மீதியைப் பார்த்துவிடலாமா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அதில் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும்.