பலகை சேர்கிற கணம்

தங்கச்சி,

இன்று காலை வெள்ளவத்தையில் இதய ஸ்கான் எடுக்க என் நெஞ்சிலும் அந்தக் குளிர்ந்த பசையைப் பூசினார்கள். அதன் வாடை மூக்கில் பட்டதும் உம்முடைய நினைவு வந்துவிட்டது.

அந்தப் பசையைக் கொழும்பின் பாதி நெஞ்சுகளில் துடைத்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் எங்கள் கிளினிக்கில் டொக்டருக்கு அடுத்தது நான்தான் என்று காலி வீதி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நீர் ஸ்கான் மெசினிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரிப்பீர். "அண்ணை, உங்கட கதையை மூண்டு தரம் கேட்டா மூண்டு நீளத்தில வருது. ஒரே நீளத்தில வந்தாத்தான் அது அளவு."

கொட்டாஞ்சேனை அந்தோனியை மறந்திருக்கமாட்டீர். துறைமுகத்தில் உயரத்தில் இருந்து பாரந்தூக்கி ஓட்டியவர். அவருடைய இதயச் சுவர் எவ்வளவு நேரத்தில் அசைகிறது என்று முதல் மாதம் அளந்தவர் மாலை முறையில் ஸ்கான் எடுக்கும் சுனில். அடுத்த மாதம் அளந்தது நீர். சுவர் முன்னைவிடப் பிந்தி அசைவதாக வந்தது. நோய் முற்றுகிறது, இனி மேலே ஏறக்கூடாது என்று டொக்டர் எழுத இருந்தார்.

"கீழ இறக்கிவிட்டா நான் என்ன, காகம் கலைக்கிறதோ?" என்றார் அந்தோனி. பகிடிதான். ஆனால் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

நீர் மறுபடி அளந்தீர். மூன்று தரமும் ஒரே அளவு. சுனிலையும் அளக்க வைத்தீர். அவருக்கும் மூன்று தரமும் ஒரே அளவு, ஆனால் உம்முடையதைவிடக் குறைவு. ஒரே மெசின், ஒரே நெஞ்சு!

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். யுத்த காலம், பள்ளிக்கூட ஓட்டப்போட்டியைத் தொடங்கிவைக்கத் துவக்கு வெடிக்க விடமாட்டார்கள். இரண்டு பலகையைச் சேர்த்து அடிப்போம். முடிவுக் கோட்டில் ஸ்டொப் வோச்சோடு நிற்பவன் நான். பலகை சேர்வதைக் கண்டதுமே அமத்த வேண்டும். சத்தம் வந்து சேரட்டும் என்று நின்றால் ஓடியவனின் நேரம் குறைந்துபோகும்.

"தங்கச்சி, நீர் எங்கயிருந்து நேரம் பிடிக்கிறீர்?"

திரையில் ஓடிய ஈசிஜி கோட்டில் கூர் எழத் தொடங்கும் இடத்தை நீர் தொட்டீர். சுனில் அதற்குப் பிந்திய கூரின் உச்சியைத் தொட்டார். "அய்யே, நான் இங்கையிருந்துதானே!"

பிறகு இரண்டு மாதத்துப் படங்களையும் ஒரே இடத்திலிருந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் அளந்தீர்கள். சுவர் பிந்தவேயில்லை. அந்தோனி திரும்பவும் மேலே ஏறினார்.

டொக்டர் எழுந்து நின்று கை தட்டினார் என்று பம்பலப்பிட்டி வரை சொல்லியிருக்கிறேன். உமக்குத் தெரியும், அவர் தேத்தண்ணிதான் வாங்கித் தந்தார். "இந்தக் கதைக்கு வால் வைக்காதேங்கோ அண்ணை. இது உண்மையாவே பெரிசு" என்றீர் அன்றைக்கு.

பொரளை மயானத்தில் உம்மை வழியனுப்பிய அன்று உம்முடைய மகள் இந்தக் கதையை என்னிடம் கேட்டாள். சுனிலிடமும் தனியாகக் கேட்டிருக்கிறாள். திரும்பி வந்து, "மாமா, ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் சொல்லுறியள்" என்றாள்.

தேத்தண்ணி என்றுதான் சொன்னேன், தங்கச்சி.